ஓலோட்டிலிருந்து பெசலூ வரை: லாவா ஓடிய வழியில் மூன்று நாள் நடை

கேள்வி இது: நவம்பரில் குடும்பத்தோடு பார்சிலோனா வருகிறார்கள். நகரம் பார்த்தது போக மூன்று நாள் கையில் இருக்கிறது. பக்கத்தில் எரிமலைப் பகுதி ஒன்று உண்டாமே, அதைக் காரில் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாமா? அறுபத்தெட்டு வயது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

அப்பாவைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே நாளில் காரில் சுற்றுவது மட்டும் வேண்டாம். நீங்கள் கேட்கிற இடம் கரோச்சா. பார்சிலோனாவுக்கு வடக்கே, பிரனீஸ் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்து நகரமான ஜிரோனாவில் நான் இருக்கிற இத்தனை வருடங்களில் அதிகம் போன இடம் இதுதான், ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் இங்கேதான் அழைத்துப் போகிறேன். காரில் வந்து நாலு இடத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டவர்கள் "அழகான இடம்தான், ஆனா எரிமலை எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நடந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. மேலே மண் பிளந்து லாவா வழிந்த இடத்தில் தொடங்கி, ஆறு அதை அறுத்துக் கீழே இறங்குகிற திசையிலேயே நீங்களும் இறங்கி வாருங்கள். காடு ஏன் அங்கே இருக்கிறது, ஊர் ஏன் பாறை நுனியில் இருக்கிறது, வீட்டுச் சுவர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டே வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகை கக்கும் மலை எதுவும் இங்கே இல்லை. கடைசியாக வெடித்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் ஓலோட் என்ற சிறு நகரத்தைச் சுற்றி நாற்பதுக்கு மேற்பட்ட எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன. ஓலோட்டுக்குள்ளேயே நாலு உண்டு. அதில் மொன்ட்சகோபா என்பதன் உச்சிக்குச் சந்தைத் தெருவிலிருந்து அரை மணியில் ஏறிவிடலாம். எல்லாமே மரம் அடர்ந்த குன்றுகளாகத்தான் தெரியும். இந்த மொத்தப் பகுதியும் 1982-இல், ஸ்பெயினின் இந்தப் பகுதியான கத்தலோனியாவின் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இயற்கைப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டது. அதனால்தான் இன்றைக்கு நடப்பதற்கு இவ்வளவு நல்ல பாதைகள் இருக்கின்றன. ஒவ்வொரு பாதைக்கும் எண் உண்டு, சந்திப்புகளில் கம்பம் நட்டு அம்புக்குறி போட்டிருப்பார்கள்.

முதல் நாள் 1-ஆம் எண் பாதையில் போங்கள். கான் செர்ரா என்ற இடத்தில் தொடங்கி வட்டமாகச் சுற்றி அங்கேயே வந்து முடியும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். நின்று பார்த்து நடந்தால் ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சாலையோரம் காரை விட்டுவிட்டு நாலு படி இறங்கினால் நேரே பீச் மரக்காட்டுக்குள் இருப்பீர்கள். இதன் பெயர் ஃபஜேதா தென் ஜோர்தா, 'ஜோர்தாவின் பீச் காடு' என்று பொருள். பீச் மரம் குளிரும் ஈரமும் கேட்கிற மரம். இந்த அட்சரேகையில் அதை நல்ல உயரமான மலைச்சரிவுகளில்தான் பார்க்க முடியும். இங்கே 550 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட சமதரையில் நிற்கிறது. ஓலோட்டில் மழை அதிகம் என்பது ஒரு காரணம். "ஓலோட்டில் மழை இல்லை என்றால் எங்கேயுமே இல்லை" என்று இங்கே பழமொழியே உண்டு. காலடியில் இருக்கும் தரை இன்னொரு காரணம். குரோஸ்காத் எரிமலையிலிருந்து வழிந்த லாவாதான் இந்தக் காட்டுக்குத் தரை.

நடக்கும்போது கவனித்துப் பாருங்கள், தரை எங்கேயும் சமமாக இருக்காது. மேடும் பள்ளமுமாக, சில மேடுகள் இருபது மீட்டர் உயரம் வரைக்கும் போகும். இவற்றுக்கு 'தொசோல்' என்று பெயர். கொதிக்கும் லாவா சதுப்பு நிலத்தின் மேல் பரவியபோது அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஆவியாகி, மேலே இறுகிக்கொண்டிருந்த பாறையை உப்ப வைத்தது. தோசைக்கல்லில் சப்பாத்தி உப்புகிற மாதிரிதான். சில இடங்களில் உப்பியது அப்படியே வெடித்தும் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வளவு மழை பெய்கிற காட்டில் ஓர் ஓடைகூடக் கிடையாது. விழுகிற தண்ணீர் அத்தனையும் லாவாவின் விரிசல் வழியே உள்ளே போய்விடுகிறது. பாறையெல்லாம் பச்சைப் பாசி. அதன் மேல் செம்பும் மஞ்சளுமாக இலை உதிர்ந்து கிடக்கும். நவம்பர் முதல் வாரம் அந்த நிறத்துக்குச் சரியான நேரம்.

ஆனால் அதே காரணத்துக்காகத்தான் அந்த வாரக் கடைசியில் பாதி பார்சிலோனா இங்கே வந்து இறங்கும். நவம்பர் 1 வேறு விடுமுறை. முடிந்தால் வார நாளில் வாருங்கள், அதுவும் காலை ஒன்பதுக்கு முன்னால் காட்டுக்குள் இருங்கள். பத்தரை மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.

காட்டுக்கு நடுவில் ஒரு பால் பண்ணை வரும். கடைகளில் 'லா ஃபஜேதா' என்று தயிர் டப்பா பார்ப்பீர்களே, அது இங்கே தயாராவதுதான். கிறிஸ்தோபால் கொலோன் என்ற உளவியலாளர், மனநல மருத்துவமனையில் முடங்கிக் கிடந்தவர்களுக்கு உண்மையான வேலையும் உண்மையான சம்பளமும் வேண்டும் என்று 1982-இல் தொடங்கிய கூட்டுறவு. இன்று கத்தலோனியா முழுக்க அந்தத் தயிர் விற்கிறது. நல்ல பொருள் என்பதற்காகத்தான் வாங்குகிறார்கள், பரிதாபத்துக்காக அல்ல. எனக்கு இந்தப் பள்ளத்தாக்கில் மிகவும் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

காட்டைத் தாண்டினால் சான் மிகெல் சக்கோத் என்ற பழைய சிறு தேவாலயம். அங்கேயிருந்து ஏற்றம் தொடங்கும். அப்பாவுக்கு மூச்சு வாங்கும், நிதானமாக ஏறட்டும். ஏறி முடித்ததும் உச்சியில் காட்சி எதுவும் இருக்காது, மரங்கள்தான். இதுதானா என்று நினைப்பீர்கள். அப்புறம் பாதை மறுபக்கம் கீழே இறங்கும், பத்து நிமிடத்தில் மரங்கள் சட்டென்று விலகும். வட்டமான புல்வெளி, நடுவில் தனியாக ஒரு சின்னக் கல் தேவாலயம், சுற்றிலும் காட்டுச் சுவர். நீங்கள் நிற்பது சாந்தா மார்கரிதா எரிமலையின் வாய்க்குள்! விளிம்பைச் சுற்றி நடந்தால் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வரும்.

அந்தப் புல்லில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சாலைச் சத்தம் உள்ளே வராது. போன முறை நான் போனபோது பனி இன்னும் கலையவில்லை. தேவாலயத்தின் கூரை முனை மட்டும் தெரிந்தது, எங்கேயோ பசு ஒன்றின் கழுத்து மணி கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு வெயில் கிழக்கு விளிம்பைத் தாண்டியதும், தண்ணீர்த் தொட்டியில் அடைப்பை எடுத்த மாதிரி பனி இறங்கியது. முதலில் கூரை, அப்புறம் கதவு, கடைசியில் புல் தெரிந்தது. தேவாலயம் பழையதுதான், ஆனால் இப்போது நிற்பது 1865-இல் மறுபடி கட்டியது. முந்தையதை 1428 பூகம்பம் இடித்துவிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி வந்த நடுக்கத்தைக் கத்தலோனியாவின் வரலாறு இன்னும் மறக்கவில்லை. ஓலோட் நகரமே அந்த வரிசையில் வந்த பூகம்பங்களில் இடிந்து, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. ஓலோட்டில் பழைய வீதி அதிகம் இல்லையே என்று நினைக்காதீர்கள், காரணம் இதுதான்.

மறுபக்கம் இறங்கிச் சாலையைத் தாண்டினால் குரோஸ்காத். ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்த ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமான எரிமலைக் கூம்பு இது. ஆனால் மக்கள் பார்க்க வருவது அதன் உயரத்தை அல்ல, அதன் வெட்டுக்காயத்தை. எரிமலை கக்கிய பொடிக்கல்லை இங்கே 'கிரேதா' என்பார்கள். இலேசான கல், கட்டட வேலைக்கு நல்லது. அதற்காகப் பல பத்தாண்டுகள் இந்த மலையைத் தோண்டினார்கள். மக்கள் எதிர்த்துப் போராடி, பூங்கா வந்து, தொண்ணூறுகளில் தோண்டுவது ஒருவழியாக நின்றது. குடைந்த பக்கத்தை மண் போட்டு மூடாமல், சீர்செய்து அப்படியே திறந்து வைத்திருக்கிறார்கள். கேக்கில் ஒரு துண்டு வெட்டி எடுத்த மாதிரி எரிமலையின் உட்பக்கம் தெரிகிறது. கறுப்பு, செங்கல் சிவப்பு, துருப்பிடித்த ஆரஞ்சு என்று அடுக்கு அடுக்காக. ஒவ்வோர் அடுக்கும் வெடிப்பின் ஒரு கட்டம்.

ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். எலுமிச்சம்பழ அளவு இருக்கும், எடையே இருக்காது. உள்ளே முழுக்கக் குமிழ்கள். ஓரம் உள்ளங்கையைக் கீறும். என் பெரியம்மா வந்திருந்தபோது அதை எடுத்து முதலில் குதிகாலில் தேய்த்துப் பார்த்தார். சரியான பயன்பாடு. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், எடுத்துப் போகக் கூடாது. எடுத்து எடுத்துத்தானே மலையில் இவ்வளவு பெரிய காயம்.

கான் செர்ரா திரும்புவதற்குப் பதிலாக, சாந்தா மார்கரிதாவிலிருந்தே சாந்தா பாவ் ஊருக்கு நடக்கும் பாதையும் உண்டு, ஒரு மணி நேரம் போல ஆகும். இரவு தங்க நான் சொல்வது அந்த ஊரைத்தான். மேட்டில் ஒரு கோட்டை, அதைச் சுற்றி 13, 14-ஆம் நூற்றாண்டு வீடுகள், நடுவில் ஃபிரால் தெல்ஸ் போவ்ஸ் என்கிற சந்தைத் திடல். பெயருக்கு மாட்டுச் சந்தை என்று பொருள். சுற்றிலும் கல் வளைவுகளோடு தாழ்வாரம். நம் ஊர்த் திண்ணை போலத்தான், மழைக்கு ஒதுங்கவும் வியாபாரத்துக்கும். வளைவுகள் ஒன்றுகூட மற்றொன்றின் அளவில் இல்லை. அவரவர் வீட்டு அகலத்துக்கு அவரவர் கட்டியிருக்கிறார்கள்.

சாந்தா பாவின் பெருமை ஃபெசோல் என்ற சின்ன வெள்ளை அவரை. எரிமலை மண்ணில் விளைவது, ஊர்ப் பெயரோடு சட்டப் பாதுகாப்பு பெற்றது. வேகவைத்தால் தோல் தனியாக நிற்காமல் வெண்ணெய் மாதிரி கரையும். வழக்கமாகப் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியோடு வைப்பார்கள். நீங்கள் சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆலிவ் எண்ணெயும் பூண்டும் போட்டுத் தனியாகத் தருவார்கள். "கார்ன் இல்லாமல்", அதாவது இறைச்சி இல்லாமல், என்றால் சில இடங்களில் மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள், அதனால் இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா, தக்காளி தேய்த்த ரொட்டி இரண்டும் எங்கேயும் கிடைக்கும். அந்தப் பருவத்தில் தெருவில் சுட்ட கொட்டைவகைப் பழம் விற்பார்கள், செஸ்ட்நட். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடங்கள், கைக்கு நல்ல சூடு.

நேரம் இருந்தால் ஓலோட்டுக்குத் தெற்கே லெஸ் பிரேசஸ் பக்கம் உள்ள போஸ்க் தெ தோஸ்காவையும் பாருங்கள். கரடுமுரடான லாவா நிலத்தில் கல் பொறுக்கி, பொறுக்கிய கல்லையே சுவராக அடுக்கி, நடுவில் கிடைத்த துண்டு மண்ணில் பயிர் வைத்தவர்களின் இடம். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் இல்லாமல் அடுக்கிய குடிசைகள் இன்னும் நிற்கின்றன. அதன் நுழைவுப் பகுதியை வடிவமைத்தவர்கள் ஓலோட்டைச் சேர்ந்த ஆர்சிஆர் கட்டடக் கலைஞர்கள், 2017-இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர்கள். இந்தப் பகுதியில் சில வீடுகளில் 'புஃபதோர்' என்ற ஓட்டை இருக்கும். லாவாவின் விரிசல்களுக்குள் புகுந்த காற்று, கோடையில் சில்லென்று அதன் வழியே வெளியே வீசும். ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் அதன் எதிரே அறை கட்டி உணவைப் பாதுகாத்தார்கள். ஆகஸ்ட் வெயிலில் ஒருமுறை கையை நீட்டிப் பார்த்தேன், பானைத் தண்ணீரில் கை விட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் ஆற்றோடு போகிறோம். ஆற்றின் பெயர் ஃப்ளுவியா. எரிமலைகள் இதைப் பலமுறை மறித்திருக்கின்றன. ஓலோட்டுக்கு மேலே இருக்கும் பாஸ் சமவெளி, லாவா ஆற்றை அடைத்ததால் ஏரியாகி, ஏரி வண்டலால் நிரம்பி உண்டான வயல்வெளிதான். அடைத்த பாறையை ஆறு திரும்ப அறுத்திருக்கிறது. அந்த அறுப்பைப் பக்கத்தில் போய்ப் பார்க்க சான் ஜோவான் லெஸ் ஃபோன்ட்ஸ் ஊருக்கு வாருங்கள். இங்கே ஒரு குறுகிய நடை இருக்கிறது, 'மூன்று லாவா ஓட்டங்களின் பாதை' என்று பெயர். வெவ்வேறு காலங்களில் வந்த லாவா ஒன்றின் மேல் ஒன்றாக இறுகிக் கிடப்பதைக் காட்டுகிறது. பழைய கல் பாலம், 12-ஆம் நூற்றாண்டு மடாலயத் தேவாலயம், அப்புறம் மோலி ஃபோந்தோ என்ற தண்ணீர் ஆலை. அங்கே ஆறு சிறு அணையைத் தாண்டி விழுகிறது, இரு பக்கமும் கறுப்புத் தூண்கள்.

ஆமாம், தூண்கள். யாரும் செதுக்காமலே ஐந்து பட்டை, ஆறு பட்டையோடு நெருக்கி அடுக்கிய பென்சில் கட்டு மாதிரி நிற்கும். எப்படி வந்தது என்று அப்பா கேட்டால் வற்றிய ஏரியை நினைவுபடுத்துங்கள். சித்திரை வெயிலில் ஏரி மண் காய்ந்து சுருங்கும்போது பாளம் பாளமாக வெடிக்குமே, லாவாவுக்கும் அதே கதைதான். ஆறும்போது சுருங்கியது, சுருங்கும்போது வெடித்தது, அந்த வெடிப்பு ஆறிக்கொண்டே போன திசையில் ஆழமாக இறங்கியது. உடுப்பிக்கு எதிரே மால்பேவிலிருந்து படகில் போகிற செயின்ட் மேரி தீவைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமாக இருக்கும். நாம் கருங்கல் என்று சொல்கிறது பெரும்பாலும் கிரானைட் வகை, பூமிக்குள்ளேயே மெதுவாக ஆறியது. இது பசால்ட், வெளியே வழிந்து ஆறியது. புனே பக்கம் கோட்டைகளில் பார்க்கிறோமே, அந்தக் கல்.

அங்கேயிருந்து கீழே காஸ்தெல்ஃபோலித் தெ லா ரோகா. படத்தில் பார்த்திருப்பீர்கள், செங்குத்துப் பாறை நுனியில் வரிசையாக வீடுகள். அந்தப் பாறை ஐம்பது மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் நீளம். ஏறத்தாழ 2,17,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு லாவா ஓட்டம் வந்தது, 1,92,000 ஆண்டுகளுக்கு முன் இன்னொன்று அதன் மேல் வந்தது. ஒரு பக்கம் ஃப்ளுவியாவும் மறுபக்கம் தொரோனெல் ஓடையும் அரித்து அரித்து, நடுவில் கத்தி முதுகு போல் ஒரு துண்டை மட்டும் மிச்சம் வைத்தன. அந்த முதுகின் மேல்தான் ஊர். மொத்த எல்லையே ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைவு.

வருகிறவர்கள் ஊருக்குள் நுழைந்து, பழைய தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மேடையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதைச் செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஊரிலிருந்து கீழே ஆற்றுக்கு இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது. இருபது நிமிடத்தில் பாறையின் அடியில், தோட்டங்களுக்கு நடுவே நிற்பீர்கள். அங்கேயிருந்து அண்ணாந்து பார்த்தால் இரண்டு லாவா ஓட்டமும் தனித்தனியாகத் தெரியும், தூண்கள் ஒழுங்காக இருக்கும் அடுக்கு வேறு, கலைந்து கிடக்கும் அடுக்கு வேறு. அதற்கும் மேலே கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். மாலை நான்கு மணி வெயில் பாறை முகத்தில் விழும்போது போனால் நல்லது. ஏறி வரும்போது வீட்டுச் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். காலையிலிருந்து நீங்கள் ஆற்றங்கரையில் பார்த்த அதே கல்.

மூன்றாம் நாள் பெசலூ. காஸ்தெல்ஃபோலித்திலிருந்து பெசலூ வரை நடக்கலாம்தான், ஆனால் நெடுஞ்சாலையின் இரைச்சல் பல இடங்களில் கூடவே வரும். பஸ் பிடித்து, மிச்சமாகும் நேரத்தைப் பெசலூவிலேயே செலவழியுங்கள். இங்கே எரிமலை பின்னுக்குப் போய்விடும், ஆறும் வரலாறும் முன்னால் வரும். 1111 வரைக்கும் தனி ஆட்சியாக இருந்த ஊர். பிறகு பார்சிலோனா கோமகன்களின் கைக்குப் போனது. ஊருக்குள் போகும் கல் பாலம் நேராக இருக்காது, பாதியில் முழங்கை மாதிரி வளையும். கட்டியவர்கள் ஆற்றுக்குள் எங்கே உறுதியான பாறை கிடைத்ததோ அங்கே கால் ஊன்றினார்கள், பாலம் அந்தக் கால்களைத் தேடித் தேடி வளைந்து போனது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் முடிவில், 1939-இல், பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தார்கள். பிறகு பழைய வடிவிலேயே எடுத்துக் கட்டினார்கள்.

ஆற்றங்கரைச் சரிவில் யூதர்களின் சடங்குக் குளியலறை, மிக்வா, இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1964-இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. படி இறங்கிப் போனால் சிறு கல் அறை, ஒரே ஒரு பிளவுபோன்ற சன்னல், நடுவில் தொட்டி. ஊற்று நீரும் ஆற்று நீரும் தானாக வந்து நிறைய வேண்டும் என்பது அவர்கள் விதி. பூட்டித்தான் இருக்கும், சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் எந்த நேரம் கூட்டிப் போகிறார்கள் என்று சொல்வார்கள். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக இதைக் கேட்டு வையுங்கள்.

போக்குவரத்துக்கு வருகிறேன். ஓலோட்டுக்கு ரயில் கிடையாது. ஜிரோனாவிலிருந்து ஓடிய குறுகிய பாதை ரயில் 1969-இல் நின்றுவிட்டது. அந்தத் தடம் இப்போது 54 கிலோமீட்டர் சைக்கிள், நடைப் பாதை. சரிவு குறைவு, அப்பா மட்டும் ஒரு மாலை நிதானமாக நடக்க அது மிக நல்லது. பார்சிலோனாவிலிருந்து பெசலூ வழியாக ஓலோட்டுக்கு தெய்சா என்ற நிறுவனத்தின் பஸ் ஓடுகிறது, இரண்டு இரண்டரை மணி நேரம். ஓலோட், காஸ்தெல்ஃபோலித், பெசலூ மூன்றும் ஒரே தடத்தில் வருவதால் கார் இல்லாமலே சமாளிக்கலாம். முதல் நாள் கான் செர்ராவுக்கு மட்டும் ஓலோட்டிலிருந்து டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைந்துவிடும், நேரத்தை முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

செருப்போ வழவழப்பான ஷூவோ வேண்டவே வேண்டாம். பீச் இலை நனைந்தால் அதன் அடியில் பாசி பிடித்த லாவா இருப்பது தெரியாது. காட்டின் சமதரையில்தான் என் மாமனார் வழுக்கி விழுந்தார், ஏற்றத்தில் அல்ல. மணிக்கட்டு வீங்கி இரண்டு நாள் கட்டுப் போட வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு இரண்டு நடைக்கோல் வாங்கிக் கொடுங்கள், ஓலோட் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். முட்டி வலி இருந்தால் அவரைச் சாந்தா மார்கரிதா ஏற்றத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். ஃபஜேதாவில் குதிரை வண்டி ஓடுகிறது, அதில் காட்டைச் சுற்றிவிட்டு, டாக்சியில் குரோஸ்காத் வாசலுக்கு வந்து உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். அங்கேயிருந்து வெட்டுமுகம் வரை சமதளப் பாதைதான், கால் மணி நேர நடை. மழைக்கோட்டு எல்லாருக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், காலையில் வானம் வெளுத்திருந்தாலும். நவம்பரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். இரண்டு மணிக்கு மேல் எந்த எரிமலை ஏற்றத்தையும் தொடங்காதீர்கள்.